உலக அரசியலைக் கற்கும் நம் பிள்ளைகள்



ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில், பிள்ளைகளை அடுத்து எதில் சேர்க்கலாம் என்று கேட்டுப் பெற்றோர் மதரஸாவுக்கு வருவது வழக்கம். மருத்துவம், பொறியியல், கணக்கியல், செவிலியம் என்று அவர்கள் கையிலுள்ள பட்டியல் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். மூன்றாண்டுகளுக்கு முன்பு அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பாடத்தின் பெயரோடு ஒரு தகப்பனார் வந்தார். அவருடைய மகள் சிறு வயதில் என்னிடம் மக்தபில் ஓதியவள். பிறகு வரலாற்றில் இளங்கலை முடித்தவள். அவள் டெல்லியிலுள்ள ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் அரசியலும் பன்னாட்டு உறவுகளும் முதுகலையாகப் படிக்க விரும்பினாள். நுழைவுத் தேர்விலும் தேறிவிட்டாள். "அரசியல் படிக்கப் போகிறாளாம், ஹஜ்ரத்" என்று சொன்னபோது, ஏதோ உடல்நலக் குறைவைச் சொல்வது போலத்தான் அவருடைய குரல் இருந்தது.

அவருடைய அச்சங்கள் மூன்று. படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? முஸ்லிம் பிள்ளை அரசியல் பேசினால் ஆபத்து வராதா? மார்க்கத்தில் பிடிப்புக் குறைந்துவிடாதா? இம்மூன்றும் அவருக்கு மட்டும் உரியவை அல்ல. இதைப் படித்துக்கொண்டிருக்கும் பல பெற்றோரின் உள்ளத்திலும் இவையே இருக்கும். ஆகவே, அந்தப் பிள்ளையின் படிப்போடு இந்த மூன்றாண்டுகள் நானும் உடன் நடந்ததில் கண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்பதை அறிவது நல்லது. முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1919ல், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள அபெரிஸ்ட்வித் என்னும் கடலோரச் சிற்றூரின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பன்னாட்டு அரசியலுக்கென்று ஒரு பேராசிரியர் இருக்கை நிறுவப்பட்டது. டேவிட் டேவிஸ் என்ற செல்வந்தரும் அவருடைய சகோதரிகளும் அதற்குப் பொருளுதவி செய்தார்கள். இலட்சக்கணக்கான இளைஞர்களைப் பலிகொண்ட அத்தகைய போர் இனி நேரக்கூடாது, அதற்கு நாடுகளின் நடத்தையை ஆராய்ந்து கற்க வேண்டும் என்பதே நோக்கம். இந்தியாவில் 1955ல் டெல்லி சப்ரு ஹவுஸில் இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி தொடங்கப்பட்டது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பாண்டுங் நகரில் கூடிய ஆண்டும் அதுவே. அந்தப் பள்ளி 1970ல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தேர்தலில் நிற்பதற்கும் மேடையில் முழங்குவதற்கும் பயிற்சி தரும் படிப்பாக இதனை எண்ணுவோர் இந்த வரலாற்றை நினைவில் கொள்ள வேண்டும். போரின் சாம்பலிலிருந்து எழுந்த பாடம் இது.

நம் மார்க்க நூல்களுக்கும் இந்தப் பொருள் அந்நியமானதன்று. மக்காவில் முஸ்லிம்கள் ஒரு சிறு கூட்டமாக ஒடுக்கப்பட்டிருந்த காலத்தில் அருளப்பட்டது ஸூரா அர்ரூம். ரோமர் தோற்றதையும், சில ஆண்டுகளுக்குள் அவர்கள் மீண்டும் வெல்லப்போவதையும் அதன் தொடக்க வசனங்கள் பேசுகின்றன. 614ல் ஜெருசலம் பாரசீகர் கையில் வீழ்ந்தது. 627ன் இறுதியில் நினவா அருகே ஹிராக்ளியஸ் பாரசீகப் படையை முறியடித்தார். பாலைவன நகரம் ஒன்றில் உண்ணவும் உறங்கவும் நிம்மதியற்றிருந்தவர்களின் பார்வையை அல்லாஹ் இரு பேரரசுகளின் நடப்பை நோக்கித் திருப்பினான் என்பதை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் நான் வலியுறுத்துவதுண்டு.

ஃபிக்ஹில் இதற்கென்றே 'ஸியர்' என்ற ஒரு துறை இருக்கிறது. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரும், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பாடம் கேட்ட ஆசிரியர்களுள் ஒருவருமான இமாம் முஹம்மத் இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 189ல், அதாவது 805ல், மறைந்தார்கள். போர் நடத்தை, உடன்படிக்கை, அடைக்கலம், தூதர்களின் பாதுகாப்பு ஆகியவற்றைத் தனி நூலாகத் தொகுத்த முன்னோடிகளுள் அவர்கள் ஒருவர். பன்னாட்டுச் சட்டத்தின் தந்தை என்று ஐரோப்பியர் போற்றும் ஹ்யூகோ குரோஷியஸின் பெருநூல் 1625ல்தான் வெளிவந்தது. நம் நாட்டு ஹைதராபாத்தில் 1908ல் பிறந்த டாக்டர் முஹம்மத் ஹமீதுல்லாஹ் (ரஹ்) அவர்கள் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று, ஜெர்மனியிலும் பாரிஸிலும் முனைவர் பட்டங்கள் பெற்று, இந்த ஸியர் துறையை நவீன உலகின் முன் எடுத்து வைத்தார்கள்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். "நாம் அன்றே சொல்லிவிட்டோம்" என்று பெருமை பேசுவதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. ஸியர் ஒரு முஸ்லிம் அரசு பிறரிடம் எப்படி நடக்க வேண்டும் என்பதை அந்த அரசின் இடத்தில் நின்று வகுத்தது. இன்றைய பன்னாட்டுச் சட்டமோ, ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளும் சமமானவை என்ற ஏற்பின்மீது, அவை செய்துகொள்ளும் ஒப்பந்தங்களால் ஆனது. இரண்டையும் ஒன்றென்று மயங்காமல் ஒப்பிட்டுக் கற்பவரே இரண்டுக்கும் நியாயம் செய்கிறார். அந்தப் பிள்ளை டெல்லிக்குப் புறப்படும் முன் நான் அவளிடம் சொன்னது இதுதான்.

முதல் பருவத்தின் நடுவில் ஓர் இரவு அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. குரல் தளர்ந்திருந்தது. கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிய ஒரு பகுதியை வகுப்பில் படித்திருக்கிறார்கள். கி.மு. 416ல் பலமிக்க ஏதென்ஸ், மீலோஸ் என்ற சிறு தீவைச் சரணடையச் சொல்கிறது. தீவு மக்கள் நீதியைப் பேசுகிறார்கள். சம பலம் உள்ளவர்களுக்கிடையில்தான் நீதிக்கு இடம் என்று ஏதென்ஸின் தூதர்கள் மறுக்கிறார்கள். முடிவில் அத்தீவின் ஆண்கள் கொல்லப்படுகிறார்கள். பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாகிறார்கள். யதார்த்தவாதம் என்ற கோட்பாட்டுக்கு இப்பகுதியே பழைய சான்றாகக் காட்டப்படுகிறது.

"உஸ்தாத், நாடுகளுக்கிடையே நீதி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? செய்தியைப் பார்த்தால் ஏதென்ஸ் சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறதே" என்று கேட்டாள்.

தகப்பனார் அஞ்சிய இடம் இதுதான். பிள்ளையின் ஈமான் இப்படிப்பட்ட கேள்வியில்தான் சோதிக்கப்படுகிறது. "அப்படியெல்லாம் கேட்காதே" என்று வாயடைப்பது எளிது. ஆனால் வாயடைக்கப்பட்ட கேள்வி உள்ளே புழுவாகக் குடையும். நான் அவளிடம் இரண்டு செய்திகளைச் சொன்னேன்.

"மகளே, அந்த நூலை அத்தோடு மூடிவிடாதே, மேலும் படி" என்றேன் முதலில். மீலோஸை அழித்த மறு ஆண்டே ஏதென்ஸ் அதே செருக்கோடு சிசிலித் தீவின்மீது படையெடுத்தது. கி.மு. 413ல் அந்தப் பெரும்படை அங்கே அழிந்தது. கி.மு. 404ல் ஏதென்ஸே எதிரியிடம் சரணடைந்தது. துசிடிடீஸ் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் மீலோஸின் கதையை முடித்த கையோடு சிசிலியின் கதையைத் தொடங்குகிறார்.

இரண்டாவது, பத்ருப் போர்க் காலத்தில் நடந்தது. ஹுதைஃபா (ரழி) அவர்களும் அவர்களுடைய தந்தையாரும் மதீனா நோக்கி வரும் வழியில் குறைஷிகளிடம் அகப்பட்டார்கள். முஹம்மதுடன் சேர்ந்து போரிட மாட்டோம் என்று வாக்குப் பெற்றுக்கொண்ட பிறகே குறைஷிகள் அவர்களை விட்டனர். இருவரும் வந்து நடந்ததைச் சொன்னார்கள். முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். எதிரிகள் ஏறக்குறைய ஆயிரம் பேர். ஒவ்வொரு வாளும் தேவைப்பட்ட நேரம் அது. ஆயினும், கொடுத்த வாக்கை நிறைவேற்றுமாறும், எதிரிகளுக்கு எதிராக அல்லாஹ்விடம் உதவி தேடுவோம் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறித் திருப்பி அனுப்பினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. வலிமையே எல்லாம் என்போருக்கு எதிராக நாம் வைக்கக்கூடிய சான்று, பலவீனமாக இருந்தபோதும் வாக்கை மீறாத இந்த நடத்தைதான்.

சில வாரங்கள் கழித்து அவளே இன்னொரு செய்தியைக் கண்டறிந்து சொன்னாள். அபெரிஸ்ட்வித் இருக்கையில் 1936ல் அமர்ந்த ஈ.எச். கார், 1939ல் வெளியிட்ட நூலில் போரை ஒழிக்கலாம் என்று கனவு கண்டவர்களைக் கடுமையாக விமர்சித்தார். யதார்த்தவாதத்தின் முன்னோடி என்று அவரைச் சொல்வார்கள். ஆனால் அதே நூலில் யதார்த்தவாதத்தின் குறைபாடுகளுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். வெறும் யதார்த்தம் மனிதனுக்கு நோக்கத்தையும் நெறியையும் தருவதில்லை என்று அவரே காட்டுகிறார். "அவர்களுக்குள்ளேயே இந்த விவாதம் இருக்கிறது, உஸ்தாத்" என்று அவள் சொன்னபோது குரலில் பழைய தெம்பு திரும்பியிருந்தது. நன்றாகக் கற்பிக்கப்படும் எந்தப் பாடமும் மாணவரிடம் ஒரே பதிலைத் திணிப்பதில்லை.

மதரஸாவில் நஹ்வு பாடம் நடத்தும் எனக்கு, அவளுடைய படிப்பில் மிகவும் நெருக்கமாக அமைந்தது ஒரு தீர்மானம். 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை ஒருமனதாக நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம் அது. அந்த ஆண்டு ஜூன் போரில் கைப்பற்றப்பட்ட நிலப்பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்று அது கூறுகிறது. ஆங்கில வாசகத்தில் 'நிலப்பகுதிகள்' என்ற சொல்லுக்கு முன் வரையறுக்கும் சொல் இல்லை. பிரெஞ்சு வாசகத்திலோ அந்த வரையறை இருப்பதாகவே படிக்கப்படுகிறது. நம் மொழியில் சொன்னால், ஒன்று நகிரா, மற்றொன்று மஃரிஃபா. 'மின் அராழின்' என்பதா, 'மினல் அராழீ' என்பதா? ஓர் அலிஃப் லாம்தான் வேறுபாடு. எல்லாப் பகுதிகளிலிருந்தும் விலகத் தேவையில்லை என்று ஒரு தரப்பு ஆங்கிலத்தைக் காட்டுகிறது. போரினால் நிலம் சேர்ப்பது ஏற்கத்தக்கதன்று என்று அதே தீர்மானத்தின் முகப்புரை கூறுவதையும் பிரெஞ்சு வாசகத்தையும் காட்டி மறு தரப்பு மறுக்கிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த வாதம் ஓயவில்லை. அரபு மொழி அன்று ஐ.நா.வின் அலுவல் மொழியாகவும் இல்லை. 1973ல்தான் பொதுச் சபையில் அதற்கு அந்தத் தகுதி கிடைத்தது.

இலக்கணம் எதற்கு என்று சலித்துக்கொள்ளும் மாணவர்களிடம் இப்போது நான் இந்தத் தீர்மானத்தைத்தான் எடுத்துச் சொல்கிறேன். ஃபலஸ்தீனுக்காக ஒவ்வொரு ஜும்ஆவிலும் கையேந்துகிறோம். அது நம் கடமை. ஆனால் அந்த மக்களின் வழக்கைச் சொல்லுக்குச் சொல் படித்து வாதிடத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்? "ஐ.நா. என்ன செய்கிறது?" என்று கோபிக்கிறோம். பாதுகாப்பு அவையின் பதினைந்து உறுப்பினர்களில் ஒன்பது பேர் ஆதரித்தாலும், நிரந்தர உறுப்பினர் ஐவரில் ஒருவர் எதிர்த்து வாக்களித்தால் முக்கியத் தீர்மானம் வீழ்ந்துவிடும் என்பதை அறிந்தவரின் கோபம் சரியான இடத்தைச் சென்று சேரும். அறியாதவரின் கோபம் கைப்பேசியில் வரும் பொய்ச் செய்திக்கு இரையாகும். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று ஸூரா அல்ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரு சதியே காரணம் என்று நம்புவது அந்தக் கட்டளைக்குப் பொருந்தாது.

இனி, பண விஷயம். டெல்லியில் தங்கிப் படிக்க அந்தக் குடும்பத்தால் இயலவில்லை. தகப்பனார் ஜவுளிக் கடையில் சம்பளத்துக்கு இருப்பவர். மஹல்லாவின் கல்வி உதவிக் குழுவுக்கு விண்ணப்பம் வந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். "டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கே பணம் போதவில்லை. இதற்குக் கொடுத்து வம்பை விலைக்கு வாங்குவானேன்?" என்றார் பெரியவர் ஒருவர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காலம் அவரை அப்படிப் பேச வைத்திருக்கிறது.

நான் என் சாச்சாவைப் பற்றிச் சொன்னேன். 1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது அவர் அங்கே ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பாலைவனத்தைக் கடந்து ஜோர்டானின் அம்மான் நகரை அடைந்து, அங்கிருந்து விமானத்தில் ஊர் திரும்பினார். அந்த நாட்களில் ஏர் இந்தியா ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அழைத்து வந்தது. சாச்சா உடுத்திய உடையோடு வீட்டு வாசலில் வந்து நின்றபோது எனக்குப் பத்து வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. அவருடைய சேமிப்பு முழுவதும் போயிற்று. பின்னர், பாதுகாப்பு அவையின் 687ஆம் தீர்மானத்தின் அடிப்படையில் ஜெனீவாவில் ஓர் இழப்பீட்டு ஆணையம் அமைந்தது. ஆனால் அந்தப் படிவம் எதற்கு, யாருக்கு, எப்படி நிரப்புவது என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவரைத் தேடிப்போய்த்தான் எழுதினார்கள். விவரம் அறியாமல் விட்டவர்களும் உண்டு.

அந்த ஆணையம் 2022 வரை மொத்தம் 5,240 கோடி டாலர் வழங்கி முடித்தது. அந்தத் தொகை இராக்கின் எண்ணெய் வருவாயிலிருந்து பிடிக்கப்பட்டது. பொருளாதாரத் தடையில் இராக் மக்கள் மருந்துக்கும் உணவுக்கும் தவித்த காலமும் அதுவே. தமக்கு வந்த காசை எண்ணியபோது, "இது யார் வயிற்றிலிருந்து வந்தது?" என்று சாச்சா கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் எளிய விடை இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கவும் ஆராயவும் ஒருவர் வேண்டும் என்பதுதான் நான் கூட்டத்தில் சொன்னது. "வளைகுடாவில் பிள்ளை இல்லாத வீடு இந்தத் தெருவில் எத்தனை? ஒரு நாட்டின் ஒப்பந்தமும் ஒரு போரும் நம் அடுப்பு எரிவதைத் தீர்மானிக்கின்றன. அதைப் படிப்பது மட்டும் நமக்கு வேண்டாத வேலையா?" என்று கேட்டேன்.

கூட்டம் சற்று நேரம் அமைதியாக இருந்தது. குவைத்திலிருந்து அப்படித் திரும்பியவர்கள் அந்த அறையிலேயே இருவர் இருந்தார்கள். முடிவில், முதலாண்டுச் செலவு கர்ளன் ஹஸனாக, வட்டியற்ற அழகிய கடனாகக் கொடுக்கப்பட்டது. இரண்டாம் ஆண்டுக்கான தொகையை விண்ணப்பம் கேட்காமலேயே எடுத்து வைத்தவர், முதலில் மறுத்த அந்தப் பெரியவர்தான். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022ல் நிறுத்தப்பட்ட பிறகு, மஹல்லாக்களின் பொறுப்பு இன்னும் கூடியிருக்கிறது என்பதைப் பிற ஊர்களின் பொறுப்பாளர்களும் கவனிக்க வேண்டுகிறேன்.

வேலையைப் பற்றிக் கேட்போருக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். படித்த மறுநாள் சம்பளம் தரும் படிப்பு அன்று இது. கல்லூரி ஆசிரியப் பணி, ஆய்வு நிறுவனங்கள், ஊடகம், மொழிபெயர்ப்பு, தொண்டு அமைப்புகள் எனப் பல கதவுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் போட்டியும் உண்டு. மத்தியக் குடிமைப் பணித் தேர்வில் அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் ஒரு விருப்பப் பாடம். தலா 250 மதிப்பெண் கொண்ட இரண்டு தாள்கள் அதற்கு உள்ளன. முதன்மைத் தேர்வின் இத்தாள்களைத் தமிழிலும் எழுதலாம். வெளியுறவுப் பணிக்குச் செல்லும் வாசலும் அத்தேர்வே. அரபு அறிந்த மதரஸா மாணவருக்கு மேற்காசிய ஆய்வில் ஒரு கூடுதல் தகுதி கையிலேயே இருக்கிறது. ஆனால் கிதாபுகளின் அரபோடு நாளிதழ் அரபையும், அதோடு நல்ல ஆங்கிலத்தையும் அவர் சேர்த்துக்கொள்ள வேண்டும். மதரஸாச் சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கிறது என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் நேரடியாகப் பார்த்துத் தெளிவது அவசியம்.

ஆபத்தைப் பற்றிய அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. பிள்ளைகளிடம் நான் கூறுவது: படித்ததைச் சான்றோடு பேசுங்கள், சினத்தில் எழுதியதை உடனே வெளியிடாதீர்கள், சட்டத்தின் எல்லையையும் உங்கள் உரிமையையும் இரண்டையும் அறிந்திருங்கள், யார் அழைத்தாலும் கூட்டத்தோடு ஓடாதீர்கள். அரசியலமைப்புச் சட்டத்தை முறையாகக் கற்ற பிள்ளை, அதைக் கற்காத பிள்ளையைவிடப் பாதுகாப்பாகவே இருக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை அனுப்பிவிட்டு, "தொழுதாயா, சாப்பிட்டாயா" என்பதோடு பேச்சை நிறுத்திவிடாதீர்கள். "இன்று வகுப்பில் என்ன படித்தாய்?" என்றும் கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் கேளுங்கள். புரியாதவருக்கு விளக்கும்போதுதான் பிள்ளைக்கே பாடம் புரிகிறது. வீட்டோடு உள்ள கயிறும் அறாமல் இருக்கிறது. அந்த ஜவுளிக் கடைத் தகப்பனார் இப்போது 'வீட்டோ' அதிகாரம் என்றால் என்னவென்று கடைக்கு வருவோருக்கு விளக்குகிறார்.

மனிதர்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று அல்லாஹ் கூறுகிறான். அறிந்துகொள்வது தானாக நடப்பதில்லை. அதற்கு மொழி வேண்டும், நூல் வேண்டும், பொறுமை வேண்டும், ஆண்டுக்கணக்கான உழைப்பு வேண்டும். அந்த உழைப்பை ஏற்க முன்வரும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அதை ஓர் அமானிதமாகக் கருதுங்கள்.

பயனுள்ள கல்வியையும், அதன்படி நீதியோடு பேசும் நாவையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.